உசைன் போல்ட்: பள்ளி மைதானத்திலிருந்து உலக சாதனை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் போல்ட் பெயர் அடிபடாத வாரமே இல்லை. பிள்ளைகள் கேட்பது ஒரு மாதிரி, கூட வரும் பெற்றோர் கேட்பது வேறு மாதிரி. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலானோருக்கு 2008 பீஜிங் ஒலிம்பிக்கிலிருந்துதான் அவரைத் தெரியும். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளைத்தான் ஓடும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பகுதியில் பதில்கள் நீளமாக இருப்பது அதனால்தான்.

போல்ட் எந்த ஊர்க்காரர்? ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பமா?

ஜமைக்கா தீவின் வடமேற்குப் பக்கம் ட்ரெலானி என்ற மாவட்டம். அதில் ஷெர்வுட் கன்டென்ட் என்ற சிற்றூர். 1986 ஆகஸ்ட் 21 அன்று அங்கே பிறந்தார். அப்பா வெல்லஸ்லி, அம்மா ஜெனிஃபர். ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். வசதியான வீடு இல்லை, ஆனால் கடையை நம்பி ஓடிய குடும்பம். பட்டினியிலிருந்து எழுந்து வந்தவர் என்று சிலர் சொல்லும் கதைக்கு ஆதாரம் கிடையாது.

ஊரிலேயே வால்டென்சியா தொடக்கப் பள்ளியில் படித்தார். 12 வயதில் அந்தப் பள்ளியில் 100 மீட்டரில் அவரை முந்த ஆள் இல்லை.

கிரிக்கெட் ஆடிட்டு இருந்தவராமே, அப்புறம் எப்படி ஓட்டத்துக்கு வந்தார்?

ஆமாம், முதல் காதல் கிரிக்கெட்தான். வேகப்பந்து வீசுவார். பாகிஸ்தானின் வக்கார் யூனிஸ் அவருக்குப் பிடித்த பந்துவீச்சாளர். வில்லியம் நிப் நினைவு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, கிரிக்கெட் பயிற்சியாளர் பையனின் வேகத்தைப் பார்த்துவிட்டு, "நீ தடகளத்துக்குப் போ" என்று அனுப்பிவைத்தார். தன் அணியின் பந்துவீச்சாளரை இன்னொரு விளையாட்டுக்கு விட்டுக்கொடுக்க எத்தனை பயிற்சியாளர்களுக்கு மனம் வரும்? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

அங்கே அவருக்குத் தடகளப் பயிற்சியாளராகக் கிடைத்தவர் பாப்லோ மெக்நீல். ஜமைக்காவுக்காக ஒலிம்பிக்கில் ஓடிய பழைய வீரர். பையனின் திறமை அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பையனுக்குத்தான் பயிற்சியில் அக்கறை வரவில்லை. விளையாட்டுத்தனம், குறும்பு, பயிற்சிக்கு மட்டம் போடுவது என்று மெக்நீலைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்.

இத்தனூண்டு நாட்டுல எப்படி இத்தனை பேர் வேகமா ஓடுறாங்க? ரத்தத்துலயே இருக்கா, இல்ல சாப்பாடா?

ஜமைக்காவின் மக்கள்தொகை 30 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதனால் இந்தக் கேள்வி வருவது இயல்பு. போல்டின் அப்பா, "எல்லாம் ட்ரெலானிக் கிழங்கின் மகிமை" என்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். நம் பெருவள்ளிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் கிழங்கு அது. நல்ல உணவுதான். ஆனால் அதைச் சாப்பிட்ட எல்லாரும் ஓடவில்லையே. ஏசிடிஎன்3 என்ற மரபணுவின் ஒரு வகை ஜமைக்கர்களிடம் பரவலாக இருப்பது உண்மை. அதே வகை, நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர்போன கென்யாவிலும் பரவலாக உண்டு. ஆகவே அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

என் பதில், பள்ளிப் போட்டி. அங்கே 'சேம்ப்ஸ்' என்று எல்லாரும் சொல்லும் உயர்நிலைப் பள்ளிகளின் தடகளப் போட்டி 1910இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஈஸ்டரையொட்டி தலைநகர் கிங்ஸ்டனின் தேசிய அரங்கில் நடக்கிறது. நாட்டின் முக்கியத் தலைவராகப் பின்னாளில் உயர்ந்த நார்மன் மேன்லி 1911இல் அங்கே 100 கஜத்தை 10 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 40 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க அரங்கம் நிரம்புகிறது. தொலைக்காட்சியில் நேரலை போகிறது. பழைய மாணவர்கள் தங்கள் பள்ளியின் வண்ணத்தை உடுத்திக்கொண்டு வந்து கத்துகிறார்கள். 14 வயதுப் பிள்ளை பெருங்கூட்டத்தின் முன்னால் ஓடிப் பழகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 1980இல் கியூபா அரசின் உதவியோடு ஜி.சி. ஃபாஸ்டர் கல்லூரி திறக்கப்பட்டது. உடற்கல்வி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குவதற்கென்றே அமைந்த கல்லூரி. அங்கே படித்தவர்கள் நாடெங்கும் பள்ளிகளுக்குப் போனார்கள். ஷெர்வுட் கன்டென்ட் மாதிரி ஒரு மூலையில் பிறந்த பிள்ளையும் கண்ணில் படாமல் போகாததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான் காரணம்.

முதல் போட்டியிலிருந்தே ஜெயிச்சுக்கிட்டே இருந்தாரா, அண்ணா?

இல்லை. 2001இல், 14 வயதில், சேம்ப்ஸ் 200 மீட்டரில் இரண்டாவது. நேரம் 22.04 விநாடி. அதே ஆண்டு பார்படாஸில் நடந்த கரீபியப் போட்டியான கரிஃப்டாவில் 400 மீட்டரை 48.28இல் ஓடியும் இரண்டாவது, 200 மீட்டரிலும் இரண்டாவது. பிறகு ஹங்கேரியின் டெப்ரெசென் நகரில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டி. அங்கே 200 மீட்டரை 21.73இல் ஓடினார். அதுவரை அவர் ஓடியதிலேயே அதுதான் வேகம். அப்படியும் இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை.

"என் மகனுக்கு எப்போதும் இரண்டாவதுதான் வருகிறது" என்று வருத்தப்படும் அப்பாக்களிடம் இந்த நேரங்களைத்தான் காட்டுவேன். மெடலைப் பார்த்தால் தோல்வி. கடிகாரத்தைப் பார்த்தால் ஒரே ஆண்டுக்குள் முன்னேற்றம்.

15 வயசுல உலக சாம்பியன் ஆனது எங்கே?

கிங்ஸ்டனில், சொந்த மண்ணில். 2002 ஜூலையில் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. எதிரில் நின்றவர்கள் 18, 19 வயதுக்காரர்கள். போல்டுக்கு 16 நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. 200 மீட்டர் இறுதியில் 20.61இல் முதலாவதாக வந்தார். அதுவரை அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர்களில் அவரே வயதில் இளையவர். இரண்டு தொடர் ஓட்டங்களிலும் வெள்ளி.

முந்தைய ஆண்டு 21.73 ஓடிய பையன், 12 மாதத்தில் 20.61. வளரும் வயதில் உடம்பும் பயிற்சியும் ஒன்றாகக் கூடி வரும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி நடக்கும். எல்லாருக்கும் நடக்காது, நடக்கவும் வேண்டியதில்லை.

அந்த ரேஸ்ல ஷூவைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டாராமே, நிஜமா?

நிஜம், அவரே சொன்னதுதான். அரங்கம் முழுக்க அவர் பெயரைக் கூப்பிட, பதற்றத்தில் வலது கால் ஸ்பைக்ஸை இடது காலிலும் இடதை வலதிலும் மாட்டிக்கொண்டார். இவ்வளவு பயந்த பையன்தான் பின்னாளில், புறப்படும்போது கால் ஊன்றும் கட்டையான ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னால் நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தவர். கிங்ஸ்டனில் அந்த இரவைத் தாண்டிய பிறகு எந்தப் போட்டியிலும் அழுத்தம் தன்னைத் தொடவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பந்தயத்துக்கு முன் வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்பல்லாம் 100 மீட்டர் ஓடவே இல்லையா? ஏன் 200, 400 மட்டும்?

பள்ளிக்காலப் பெரிய போட்டிகளில் அவருடையது 200, 400 தான். 6 அடி 5 அங்குல உடம்பு. பிளாக்கிலிருந்து மடங்கி எழுந்து நிமிர அவருக்கு நேரம் பிடிக்கும். 100 மீட்டரில் அந்த இழப்பை ஈடுகட்டத் தூரம் போதாது, 200இல் போதும் என்பதே அன்றைய கணக்கு. 400 அவருக்குப் பிடிக்காத பயிற்சி, வலி அதிகம் என்பார். ஆனாலும் 2003 சேம்ப்ஸில் 45.35இல் ஓடினார், 200 மீட்டரை 20.25இல். இரண்டும் பள்ளி மாணவன் ஓடிய நேரங்கள். அந்த 400 மீட்டர் உழைப்புதான் பின்னாளில் 200 மீட்டரின் கடைசி ஐம்பதில் மற்றவர்கள் தளரும்போது அவரைத் தளராமல் வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

2003-லயே உலக சீனியர் போட்டிக்குப் போயிருக்கலாமே?

போயிருக்க வேண்டியவர்தான். அந்த ஆண்டு கனடாவின் ஷெர்ப்ரூக்கில் 18 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டத்தை 20.40இல் வென்றார். பார்படாஸில் நடந்த பான் அமெரிக்க ஜூனியர் (20 வயதுக்கு உட்பட்டோர்) போட்டியில் 20.13 ஓடி, அமெரிக்காவின் ராய் மார்ட்டின் 1985இல் வைத்த உலக ஜூனியர் சாதனையைச் சமன் செய்தார். பாரிஸில் சீனியர் உலக சாம்பியன்ஷிப் நெருங்கும்போது கண் நோய் வந்து பயிற்சி கெட்டுப் போட்டியும் கைவிட்டுப் போனது.

இதே காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியதையும் சொல்ல வேண்டும். பிரதமர் பி.ஜே. பாட்டர்சன் தலையிட்டு, அவரைக் கிங்ஸ்டனுக்கு வரவழைத்துத் தேசியத் தடகளச் சங்கத்தின் கீழ் பயிற்சி பெற ஏற்பாடு செய்தார். கிராமத்துப் பையனுக்குத் தலைநகரம். கட்டுப்பாடில்லாத சாப்பாடு, இரவுக் கேளிக்கை, கூடைப்பந்து என்று கவனம் சிதறியதை அவர் மறைத்ததில்லை.

ப்ரொஃபஷனல்னா என்ன சார்? ஓடுறவங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க?

தடகளத்தில் மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை. பணம் மூன்று வழியில் வரும். ஒன்று, காலணி, உடை நிறுவனங்களின் ஒப்பந்தம். பெரிய தொகை இதில்தான். போல்டுக்குப் பதின்வயதிலேயே பூமா நிறுவனத்தின் ஆதரவு கிடைத்தது, கடைசிவரை அதே நிறுவனம்தான். இரண்டு, ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் நடக்கும் அழைப்புப் போட்டிகள். பெயர் பெற்றவர்களுக்கு வந்து ஓடுவதற்கே தனித் தொகை, ஜெயித்தால் பரிசுத்தொகை வேறு. மூன்று, உலகப் போட்டிகளின் பரிசும் சாதனைக்கான ஊக்கத்தொகையும். இதற்கெல்லாம் பேரம் பேச ஒரு மேலாளர் இருப்பார். காயம்பட்டு ஓடாமல் உட்கார்ந்தால் வருமானம் சுருங்கிவிடும், ஒப்பந்தத்தொகையும் குறையலாம்.

போல்ட் 2004இல் இந்த வழிக்கு வந்தார். அவருக்கு அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து உதவித்தொகை அழைப்புகள் குவிந்தன. ஜமைக்காவின் நல்ல ஓட்டக்காரர்கள் பலர் அப்படிப் போனவர்கள்தான். அங்கே படிப்பு இலவசம். ஆனால் அன்றைய கல்லூரி விதிகளின்படி போட்டியில் பரிசுப்பணம் வாங்க முடியாது, வாரத்துக்கு வாரம் கல்லூரிக்காகப் பல பந்தயங்கள் ஓடவும் வேண்டும். அவர் மறுத்துவிட்டு ஊரிலேயே இருந்தார். அவரைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. எல்லாருக்கும் அதையே சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஓட்டம் கைவிட்டால் படிப்பு காப்பாற்றும்.

17 வயசுல 20 விநாடிக்குள்ள ஓடினவர் ஏதென்ஸ் ஒலிம்பிக்ல முதல் சுற்றிலேயே எப்படித் தோத்தார்?

2004 ஏப்ரலில் பெர்முடாவின் ஹாமில்டனில் நடந்த கரிஃப்டா போட்டியில் 19.93 ஓடினார். 200 மீட்டரில் 20 விநாடிக்குள் போன முதல் ஜூனியர் அவர்தான். அடுத்த மாதமே தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், காயம்பட்டது. உலக ஜூனியர் போட்டி கைநழுவியது. ஆகஸ்டில் ஏதென்ஸில் முழுதாக ஆறாத காலோடு ஓடி, ஹீட்ஸிலேயே 21.05 நேரத்தில் வெளியேறினார். நான்கு மாதத்துக்கு முன் ஓடியதைவிட ஒரு விநாடிக்கும் மேல் அதிகம்.

ஊரில் பேச்சு கடுமையாக இருந்தது. பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது தூக்கிக் கொண்டாடியவர்களே, பயிற்சியில் கவனம் இல்லாதவன் என்றார்கள். உடம்பில் உண்மையிலேயே ஒரு கோளாறு இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

முதுகுத்தண்டு வளைஞ்சிருக்கிறவர் எப்படி உலகத்துலயே வேகமா ஓட முடியும்?

ஸ்கோலியோசிஸ் என்ற பக்கவாட்டு வளைவு அவருக்குப் பிறவியிலிருந்தே இருந்தது. அதனால் வலது கால் சுமார் அரை அங்குலம் குட்டை. ஓடும்போது இடுப்பு ஒரு பக்கமாக இழுக்க, அந்தச் சுமை தொடைத் தசையில் போய் விழும். அடிக்கடி தசை கிழிந்ததற்கு இதுவே வேர். ஜெர்மனியின் மியூனிக்கில் மருத்துவர் ஹான்ஸ் வில்ஹெல்ம் முல்லர் வோல்ஃபார்ட்டிடம் சிகிச்சைக்குப் போனார். வளைவை நிமிர்த்த முடியாது. முதுகு, வயிறு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தி அதைத் தாங்க வைக்கலாம். ஓட்ட வாழ்க்கை முடியும்வரை அந்தப் பயிற்சியை அவரால் நிறுத்தவே முடியவில்லை.

பின்னாளில் அமெரிக்காவின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர் ஓட்டத்தின் காணொளியை அளந்து பார்த்தார்கள். வலது கால் சுமார் 13 சதவீதம் கூடுதல் விசையோடு தரையில் இறங்கியது. இடது கால் சுமார் 14 சதவீதம் கூடுதல் நேரம் தரையில் இருந்தது. இரண்டு காலும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்று பாடம் எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். எல்லா உடம்பையும் ஒரே அச்சில் வார்க்க முயலக்கூடாது.

கோச்சை மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சா?

உடனே சரியாகவில்லை. ஏதென்ஸுக்குப் பிறகு, அதுவரை பயிற்சி கொடுத்த ஃபிட்ஸ் கோல்மனை விட்டு கிளென் மில்ஸிடம் வந்தார். 2003 உலகப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வென்ற செயின்ட் கிட்ஸ் வீரர் கிம் காலின்ஸுக்கு வழிகாட்டியவர் மில்ஸ். கிங்ஸ்டனில் ரேசர்ஸ் கிளப்பை நடத்துகிறார். பையன் ஓடும்போது உடம்பு பின்னால் சாய்வதையும் அதனால் அடிமுதுகு நோவதையும் முதலில் கவனித்தவர் அவர்தான். நிற்கும் விதத்தையும் கால் இறங்கும் இடத்தையும் திருத்தத் தொடங்கினார். அந்தத் திருத்தம் உடம்பில் ஊறவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்த இடைவெளியில் நடந்ததைப் பாருங்கள். 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்து, நடுவில் காயம்பட்டு, 26.27இல் கடைசியாக எல்லையைத் தொட்டார். 2006இல் லோசானில் 19.88 ஓடியும் மூன்றாம் இடம்தான், அன்று அமெரிக்கர்களான சேவியர் கார்ட்டர் 19.63, டைசன் கே 19.70. 2007 ஜூனில் 19.75 ஓடி, டான் குவாரி 1971இல் வைத்த 19.86 என்ற ஜமைக்கச் சாதனையை உடைத்தார். அதே ஆண்டு ஒசாகாவில் உலக வெள்ளி: போல்ட் 19.91, கே 19.76. தோற்றதும் காரணம் கேட்டபோது, உடல்வலு போதவில்லை, ஜிம்மில் உழைப்பு குறைவு என்று மில்ஸ் நேராகச் சொல்லிவிட்டதாகப் போல்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக முழு மனதோடு உழைத்தார் என்பது அடுத்த ஆண்டு நேரங்களைப் பார்த்தாலே தெரியும்.

உயரமானவங்களுக்கு 100 மீட்டர் ஒத்துவராதுன்னா, அதுல எப்படி உலக சாதனை?

மில்ஸுக்கு அவரை 400 மீட்டருக்குத் திருப்ப ஆசை. போல்டுக்கு 100 ஓட ஆசை. 200இல் தேசிய சாதனையை உடைத்தால் ஒரு 100 ஓடலாம் என்று உடன்பாடு. மேலே சொன்ன 19.75 வந்துவிட்டதால், 2007 ஜூலையில் கிரீஸின் கிரீட் தீவில் உள்ள ரெதிம்னோவில் ஓடினார். நேரம் 10.03. மறு ஆண்டு மே 3 அன்று கிங்ஸ்டனில் 9.76. மே 31 அன்று நியூயார்க்கில் 9.72, உலக சாதனை. பெரியவர்கள் பிரிவில் 100 மீட்டர் ஓடத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை.

உயரத்தால் புறப்பாடு பாதிக்கும் என்ற கணக்கு முழுக்கப் பொய் அல்ல. ஆனால் நிமிர்ந்த பிறகு அதே உயரம் உதவிக்கு வருகிறது. மற்றவர்கள் 44, 45 காலடி வைக்கும் தூரத்தை அவர் 41 காலடியில் முடித்தார். நீண்ட கால் உள்ளவர்கள் பொதுவாகக் காலடியை மெதுவாக மாற்றுவார்கள். இவர் அந்த உயரத்துக்கு அசாத்திய வேகத்தில் மாற்றினார். நீளமும் வேகமும் ஒரே உடம்பில் சேர்ந்ததுதான் அபூர்வம்.

பீஜிங்ல கடைசியில கையை விரிச்சு நெஞ்சைத் தட்டாம ஓடியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?

2008 ஆகஸ்ட் 16, 100 மீட்டர் இறுதி. ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது, காற்று துளியும் இல்லை, எல்லைக்கு முன்பே கொண்டாட்டம், அப்படியும் 9.69. இரண்டாவதாக வந்த ரிச்சர்ட் தாம்சன் 9.89. நார்வே இயற்பியலாளர்கள் காணொளியை வைத்துக் கணக்குப் போட்டு, தளர்த்தாமல் ஓடியிருந்தால் 9.6ஐ ஒட்டி வந்திருக்கும் என்றார்கள். ஓராண்டு கழித்து, 2009 ஆகஸ்ட் 16 அன்று, பெர்லின் உலகப் போட்டியில் 9.58 வந்தது. 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரையிலான தூரத்தை 1.61 விநாடியில் கடந்தார், மணிக்கு 44.72 கிலோமீட்டர் வேகம்.

எனக்கு அந்த 9.69ஐவிட, நான்கு நாள் கழித்து ஓடிய 200 மீட்டர்தான் பெரிது. மைக்கேல் ஜான்சன் 1996 அட்லாண்டாவில் ஓடிய 19.32ஐ நெருங்கவே முடியாது என்று நம்பியிருந்த காலம். எதிர்க்காற்றில், கடைசி அடிவரை பல்லைக் கடித்து ஓடி 19.30 எடுத்தார். கொண்டாட்டம் கோட்டுக்குப் பிறகுதான். மறுநாள் அவருக்கு 22 வயது.

பின்காற்று இருந்தா சாதனை செல்லாதே, 9.58க்குக் காற்று இல்லையா?

இருந்தது, விநாடிக்கு 0.9 மீட்டர். 100, 200 மீட்டர் பந்தயங்களில் விநாடிக்கு 2.0 மீட்டர் வரை பின்காற்றை விதி அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் வெற்றி செல்லும், சாதனை செல்லாது. பெர்லினின் 200 மீட்டர் சாதனையான 19.19 வந்தபோது விநாடிக்கு 0.3 மீட்டர் எதிர்க்காற்று.

ஒரே ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்காக அவரை வெளியேத்தினது நியாயமா?

2011 டேகு உலகப் போட்டியைக் கேட்கிறீர்கள். 100 மீட்டர் இறுதியில் துப்பாக்கிக்கு முன் கிளம்பி வெளியேற்றப்பட்டார், சக ஜமைக்க வீரர் யோஹான் பிளேக் 9.92இல் வென்றார். முன்பு முதல் தவறுக்கு எச்சரிக்கை மட்டும் உண்டு. 2010இல் அதை எடுத்துவிட்டார்கள். அவருக்காக யாரும் விதியை வளைக்கவில்லை, அது நியாயம்தான். அதே போட்டியில் 200 மீட்டரை 19.40இல் வென்றார்.

ஒன்பது ஒலிம்பிக் தங்கம்னு படிச்சேன், சில இடத்துல எட்டுன்னு இருக்கே?

எட்டுதான் சரி. 2008, 2012, 2016 மூன்றிலும் 100, 200 ஓட்டங்களில் ஆறு தங்கம். தொடர் ஓட்டத்தில் 2012, 2016இல் இரண்டு. 2008இன் தொடர் ஓட்டத் தங்கம் 2017 ஜனவரியில் பறிக்கப்பட்டது. அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் பழைய மாதிரியை மறுபரிசோதனை செய்தபோது தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. ஒருவர் தவறினாலும் நால்வரும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தங்கம் டிரினிடாட் டொபேகோவுக்குப் போனது.

கூட ஓடினவங்க பல பேர் மருந்துல மாட்டினாங்களே, அப்போ இவர் மட்டும்?

கேட்க வேண்டிய கேள்விதான். டைசன் கே, ஜஸ்டின் காட்லின் இருவரும் தடைக்காலம் அனுபவித்தவர்கள். போல்ட் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. பதின்வயதிலிருந்து ஓய்வு வரை அவர் ஓடிய நேரங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. 15 வயதில் 20.61, 17இல் 19.93 என்று தொடங்கும் வரிசை அது. நடுவயதில் திடீரென்று முளைத்த வேகம் அல்ல. இதற்கு மேல் ஊகத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இப்ப வர்ற பசங்க அவரோட ஜூனியர் சாதனையை எல்லாம் உடைச்சிட்டாங்க. அடுத்த போல்ட் யாரு?

அமெரிக்காவின் எரியன் நைட்டன் 2021இல் 17 வயதில் 19.84 ஓடி, போல்டின் 19.93ஐத் தாண்டினார். ஆஸ்திரேலியாவின் கவுட் கவுட் 2024 டிசம்பரில், 16 வயதில், 20.04 ஓடினார். போல்ட் அந்த வயதில் ஓடியது 20.13. இருவரும் அருமையான ஓட்டக்காரர்கள். ஆனால் ஜூனியர் நேரத்தை வைத்து யாருக்கும் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம். 19.93க்கும் பீஜிங் தங்கத்துக்கும் நடுவே போல்டுக்கே நான்கு ஆண்டுக்கு மேல் ஆனது. ஏதென்ஸும் ஹெல்சிங்கியும் அதற்குள்தான் வருகின்றன.

என் பொண்ணுக்கு 13 வயசு, பள்ளியில 100, 200 ரெண்டுலயும் முதல். இப்பவே முழு நேரப் பயிற்சியில விட்டுடலாமா சார்?

வேண்டாம். படிப்பும் மற்ற ஆட்டங்களும் இருக்கட்டும். போல்ட் 12 வயதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர். பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று போட்டிகளுக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு போட்டியிலும் ஓடிய நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரே ஒரு தூரத்தில் அடைக்காதீர்கள். தொடையிலோ முதுகிலோ வலி திரும்பத் திரும்ப வந்தால், தைலம் தேய்த்து ஓட வைக்காமல் எலும்பு, தசை மருத்துவரிடம் காட்டுங்கள். பதின்வயதில் சில பெண் பிள்ளைகளுக்கு உடம்பு மாறும்போது ஓராண்டு, இரண்டாண்டு நேரம் தேங்கி நிற்கும். அந்தச் சமயத்தில் திட்டி ஓட்டத்தையே வெறுக்க வைத்துவிடுகிறார்கள். என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதை ஒன்றைத்தான்.

பிள்ளைங்களுக்கு ஒரு ரேஸ் காட்டணும்னா எதை முதல்ல காட்டலாம்?

கிங்ஸ்டன் 2002, 200 மீட்டர் இறுதி. வளைவிலிருந்து வெளியே வரும்போது அவர் தோள்கள் எவ்வளவு ஆடுகின்றன, தலை எப்படிப் பின்னால் சாய்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். அடுத்து ஒசாகா 2007. அதன் பிறகு பெர்லின் 2009இன் 200 மீட்டர். மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால், மில்ஸ் என்ன திருத்தினார் என்று 12 வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். நேரம் இருந்தால் பெர்லின் 100 மீட்டரில் பக்கத்தில் ஓடிய டைசன் கேயையும் பாருங்கள். அன்று அவர் ஓடியது 9.71, அப்போது அது அமெரிக்காவின் தேசிய சாதனை. கிடைத்தது வெள்ளி.